காரணம் என்கிற கட்டம்

பட்டினப்பாக்கம், பழைய குடியிருப்பின் பின்சுவர்.
மர எண் நாற்பத்தொன்று. பூவரசு.
நெஞ்சுயரத்தில் சுற்றளவு நூற்றெழுபது சென்டிமீட்டர்.
அறுத்தால் ஒரு வீட்டுக்குக் கதவும் நிலையும் தேறும் என்றார்
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த எஸ்தர் அக்கா,
யாரும் கேட்காமலே.

கிழக்குப் பக்கம் பட்டை இல்லை.
முழங்கை நீளத்துக்கு உரிந்து
உள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே சிவப்பு.
ஓரத்தில் காய்ந்த பிசின் ஒரு சொட்டு.
அடிமரத்தில் கயிறு தேய்த்த வளையம்.
தூளி கட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்,
ஒற்றை இலக்கம்தான் நுழையும்.
ஒன்று கரையான், இரண்டு வண்டி மோதல்,
மூன்று ஆணி, விளம்பரத் தட்டி,
இப்படியே போய் ஏழு மின்னல், எட்டு ஆசிட்.
மற்றவை என்று ஒன்று போட
அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை.

கரையான் என்றால் மண் வரி ஓடியிருக்கும்.
விரலால் தேய்த்து நுனிநாக்கில் வைத்தேன், உப்பு. கடல் காற்று.
தண்ணி லாரி ரிவர்ஸில் உரசியிருந்தால்
நார் நசுங்கி, நீல பெயின்ட் ஒட்டியிருக்கும்.
மருந்துக்கு உரிக்கிறவன் கத்தியோடு வருவான்,
கத்தி நேர்க்கோட்டை மறைக்கத் தெரியாதது.
ஆட்டுக்கு எட்டாது.
அணிலுக்கு இவ்வளவு கோபம் வராது.
மின்னலா? பத்தடி தள்ளி ஹைமாஸ்ட் விளக்கு
எண்பதடிக்கு நிமிர்ந்து நிற்கையில்
இந்தக் குட்டைப் பூவரசை ஏன் தேடி வரப்போகிறது?

வெயில் பக்கவாட்டில் விழும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அப்போதுதான் தெரிந்தன பள்ளங்கள்,
இரட்டை இரட்டையாக,
மேலிருந்து இழுத்தவையும் கீழிருந்து இழுத்தவையும்.
அவை சந்திக்கிற இடத்தில்
நார் பிய்ந்து ஒரு மீசை.

மாட்டுக்கு மேல் வாயில் முன்பல் கிடையாது.
மாடு பிடுங்கும், நக்கும்,
இப்படிச் செதுக்காது.
அப்படியென்றால் மேலும் கீழும் முன்பல் உள்ள வாய்,
என் தலைக்கு மேலும் எட்டுகிற வாய்.
என் பல் வரிசையை நானே
நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆறரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல்.
மனிதத் தும்மல் இல்லை.
முபாரக் கயிற்றோடு வந்தான்,
கயிற்றின் மறுமுனையில் விலா எலும்பு எண்ணத் தோதாய்
பழுப்பு நிறத்தில் ஒரு குதிரை,
நெற்றியில் சவாரிக் குஞ்சம் கழற்றாமல்.
வந்ததும் மரத்தை முகர்ந்தது,
வீட்டு வாசலை முகர்வதுபோல்.

"புயல் கூண்டு ஏத்திட்டாங்க மேடம், பீச்சுல ஆளே இல்ல.
சவாரி இல்லன்னா வைக்கோலு பாதிதான்.
பாதி வயித்துக்குக் கடிக்குது,
மீதி, சும்மா நிக்கிற எரிச்சல்ல கடிக்குது.
ஃபைன் போடுவீங்களா?"

"பேர் என்ன?"
"என் பேரா, இதும் பேரா?"
"இதன் பேர்."
"மின்னலு."

மறுநாள் எஸ்தர் அக்காவும் நானும்
காயத்தைச் சுற்றிச் சாக்கு கட்டினோம்.
சாக்கையும் தின்றது.
பிறகு அக்காவே தன் இட்லிக் கடையிலிருந்து
தினம் ஒரு கூடை வாழையிலை கொண்டுவந்து போட்டார்,
எச்சில் இலைதான், குதிரை பார்க்கவில்லை.

அலுவலகத்தில் தெய்வநாயகம் சார்
நாற்பத்தொன்றில் விரல் வைத்து நிறுத்தினார்.
"ஏழா? அந்த ஏரியாவுல மின்னல் எந்தத் தேதி விழுந்துச்சு?"

"புயல் கூண்டு ஏத்தின நாள்லேருந்து சார்.
பதினோரு நாள்.
சாயங்காலம் மட்டும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெளியே மழை பிடித்திருந்தது.
கையெழுத்தைப் போட்டுவிட்டு
நாற்பத்திரண்டுக்கு நகர்ந்தார்.